எஃப்.சி.க்கு முன்பு பழைய வேனின் ரிவர்ஸ் லைட்டைச் சரிசெய்வது எப்படி?

சாவியைத் திருப்பி வேனை ரிவர்ஸ் கியரில் போட்டதும் பின்புறத்து வெள்ளை விளக்கு எரிய வேண்டும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்ததும் அது அணைய வேண்டும். எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்காக வண்டியைக் காட்டும் இடத்தில், பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் இந்த விளக்கைப் பார்க்க எடுத்துக்கொள்வது சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளில் விளக்கு எரியாமல் போனால், வண்டி ஓட்டாமல் நிறுத்திய ஒரு நாள் வருமானம் போவதோடு, மறுபடியும் நாள் வாங்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கவும் வேண்டும். மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டிகளுக்கு 15 ஆண்டுகள் முடிந்தபின் பதிவைப் புதுப்பிக்கும்போது இந்தச் சோதனை வரும். அதற்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். ஆகவே வண்டி பழையதாக ஆக, இந்த வேலையைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய தேவையும் கூடுகிறது.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய மாருதி ஆம்னியை வைத்துத் தண்ணீர் கேன் போடுகிறேன். மெக்கானிக் அல்லன், ஆனால் இந்த ஒரு விளக்குக்காக மூன்று முறை பணம் செலவழித்த பிறகு, என் கையாலேயே சரிசெய்யக் கற்றுக்கொண்டவன். முதல் இரண்டு முறையும் நான் செய்த தவறு ஒன்றுதான்: விளக்கு எரியவில்லை என்றதும் கடைக்குப் போய் பல்பு வாங்கினேன். புதுப் பல்பு போட்டதும் எரிந்தது. பத்து நாளில் மீண்டும் மங்கியது. மூன்றாவது முறை தெருமுனையில் இருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனபோது, அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே, “பல்ப மாத்துனே சரி தம்பி, எர்த்த பாத்தியா?” என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. பல்புக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போகும் வழியைத்தான் எர்த் என்கிறார்கள்.

வடசென்னையில் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டியே நம் தெருக்கள் இருப்பதால், இரவு முழுவதும் உப்புக்காற்று வண்டியின்மேல் படிகிறது. மீன் ஏற்றும் வண்டியென்றால் ஐஸ் உருகிய உப்புநீர் தளத்தின் இடுக்குகளில் இறங்குகிறது. என்னுடையதைப் போன்ற கேன் வண்டியென்றால் நாள் முழுவதும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ கொருக்குப்பேட்டைத் தெருக்களிலோ முழங்கால் அளவு நீரில் ஒருமுறை ஓட்டினாலும் பின்விளக்குக் கூட்டுக்குள் ஈரம் புகுந்துவிடும். எனவே இங்கே பல்பு தானாக எரிந்துபோவதைவிட, பல்புக்கு மின்சாரம் போகும் வழியில் களிம்பும் துருவும் பிடிப்பதுதான் அதிகம் நடக்கிறது. கீழே சொல்லப்படும் முறை முழுவதும் இந்த அனுபவத்தை வைத்து அமைந்தது: எந்தப் பொருளையும் வாங்கும் முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட வேண்டும்.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு குறடு, மெல்லிய உப்புத்தாள், பழைய பல்துலக்கும் பிரஷ், இன்சுலேஷன் டேப், ஒரு முழ நீளத்தில் இருமுனையும் சீவிய ஒயர் ஒன்று, இவற்றோடு ஒரு டெஸ்ட் லேம்ப். இந்த டெஸ்ட் லேம்பை நீங்களே செய்துகொள்ளலாம்: 12 வோல்ட் வண்டிப் பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, ஹோல்டரிலிருந்து வரும் இரண்டு ஒயர்களில் ஒன்றின் முனையில் முதலைக் கிளிப்பையும் மற்றொன்றின் முனையில் ஒரு கோணி ஊசியையும் இணைத்தால் போதும். ஒயரின் நீளம் வேனின் முன்சக்கரத்திலிருந்து பின்கதவு வரை எட்டுமானால் வேலை பாதியாகக் குறையும். மல்டிமீட்டர் ரிச்சி தெருவில் மலிவாகவே கிடைக்கும். இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும்முன் வேனைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்து, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். என்ஜினை ஓடவிடக் கூடாது. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியரில் போட்டால் இந்த விளக்கு எரியும். பின்னால் குனிந்திருக்கும்போது யாராவது வண்டியில் ஏறி என்ஜினை ஸ்டார்ட் செய்தால், கியரில் நிற்கும் வேன் பின்னோக்கிப் பாய்ந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வண்டிப் பக்கமே வரவிடாதீர்கள்.

இப்போது விளக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ரிவர்ஸ் லைட் உள்ள வேனில், ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கத்து விளக்குக் கூட்டுக்குள்ளேயே இருக்கும். இரண்டுமே எரியவில்லை என்றால் ஃபியூஸ், கியர் பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச், இரண்டுக்கும் பொதுவாக வரும் ஒயர் ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கும். எந்தக் கியரில் இருந்தாலும் எரிந்துகொண்டே இருந்தால் சுவிட்ச் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது எங்கோ இரண்டு ஒயர்கள் உரசி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான்காவதாக ஒரு அடையாளம் உண்டு. புதியவர்கள் இதைக் கண்டு குழம்பிப்போவார்கள். பிரேக்கை மிதித்தால் ரிவர்ஸ் லைட் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் அதோடு சேர்ந்து ரிவர்ஸ் லைட்டும் மினுக்கும். இது எர்த் கெட்டுவிட்டதற்கான தெளிவான அடையாளம். பிரேக் பல்புக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல், பக்கத்துப் பல்பின் வழியாகத் தப்பிக்கப் பார்க்கிறது.

அடுத்து விளக்குக் கண்ணாடியைத் திறக்க வேண்டும். ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகியிருந்தால் டபிள்யூ.டி-40 அடித்துக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிடும், அல்லது பிளாஸ்டிக் கண்ணாடியே விண்டுவிடும். ரிவர்ஸ் லைட்டுக்குப் போடுவது 12 வோல்ட், 21 வாட், ஒரே இழை உள்ள சிங்கிள் கான்டாக்ட் பல்பு. பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்துப் போடுவது 21/5 வாட், இரண்டு இழை உள்ள டபுள் கான்டாக்ட் பல்பு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சிங்கிள் பல்பின் பித்தளைக் கழுத்தில் இருக்கும் இரண்டு குமிழ்களும் ஒரே உயரத்தில் இருக்கும். டபுள் பல்பில் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கும். மாற்றிப் போட்டுப் பலவந்தமாகத் திருகினால் ஹோல்டர் நெளிந்துவிடும்.

பல்பை உள்பக்கமாக அழுத்தி, இடப்பக்கம் திருப்பினால் வெளியே வரும். கண்ணாடிக்குள் கறுப்போ வெள்ளிப் பூச்சோ படிந்திருந்தால் இழை எரிந்துவிட்டது. பாலைப்போல் வெண்மையாக இருந்தால் கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்துவிட்டது. இழை முழுதாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்காமல், பல்பை நேரடியாக பேட்டரியில் தொடவைத்துப் பாருங்கள். கழுத்தைப் பேட்டரியின் மைனஸுக்கும் அடிப்புள்ளியைப் பிளஸுக்கும் ஒயர் கொண்டு இணைத்தால் நல்ல பல்பு பளிச்சென்று எரியும்.

பல்பு நல்லதாக இருந்தால், அதை ஓரமாக வைத்துவிட்டு ஹோல்டரைக் கவனியுங்கள். என் வண்டியில் நான் கண்டதை அப்படியே சொல்கிறேன். ஹோல்டரின் அடியில், பல்பின் புள்ளியைத் தாங்கும் சிறு பித்தளைத் தகட்டைச் சுற்றிலும் பச்சை நிறப் பொடி, மயில்துத்தத்தைத் தூவியதுபோல் படிந்திருந்தது. தகட்டை அழுத்தும் ஸ்பிரிங் அந்தப் பொடியில் சிக்கி மேலெழாமல் நின்றுவிட்டது. புதுப் பல்பு போட்டபோது அது தகட்டைக் கொஞ்சம் சுரண்டியதால் சில நாள் எரிந்திருக்கிறது. மறுபடியும் களிம்பு ஏறியதும் அணைந்திருக்கிறது. நான் வாங்கிய புதுப் பல்புகளில் எந்தக் குறையும் இல்லை.

இந்தக் களிம்பை உலர்ந்த பிரஷ்ஷால் முதலில் தட்டிவிட்டு, உப்புத்தாளைச் சிறு குழலாகச் சுருட்டி உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். பித்தளை பொன்னிறமாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். வீட்டில் செம்புக் குடத்தைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமே என்று எனக்கும் தோன்றியது. குடத்தைத் துலக்கியபின் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். ஹோல்டரை அப்படிக் கழுவ முடியாது. இடுக்கில் தங்கும் புளிப்பு மிச்சமிருக்கும் பித்தளையையும் தின்றுவிடும். தேய்த்து முடித்தபின் பல்பின் கழுத்திலும் தகட்டிலும் வாஸ்லினை மிக மெல்லிதாகத் தடவினால் உப்புக்காற்று அவ்வளவு சீக்கிரம் அண்டாது. பேட்டரி முனைகளுக்குத் தடவுகிறோமே, அதே பழக்கம்தான்.

இனி எர்த். வண்டியில் மின்சாரம் பல்புவரை வருவதற்குத்தான் தனி ஒயர். திரும்பிப் போவது பெரும்பாலும் வண்டியின் உடம்பு வழியாகவே. பின்விளக்குக் கூட்டிலிருந்து புறப்படும் ஒரு ஒயர் பக்கத்தில் எங்காவது ஒரு ஸ்க்ரூவில் உடம்போடு இறுக்கப்பட்டிருக்கும். கேன் வண்டியிலும் மீன் வண்டியிலும் அந்த ஸ்க்ரூவைச் சுற்றித்தான் துரு முதலில் பிடிக்கும். சோதிக்கும் முறை எளிது: சாவி ஆனில், கியர் ரிவர்ஸில் இருக்கும்போது, கையில் வைத்திருக்கும் அந்த முழ நீள ஒயரின் ஒரு முனையை ஹோல்டரின் கழுத்திலும் மறுமுனையை உடம்பில் பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பிலும் அழுத்துங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி எர்த்தான். ஸ்க்ரூவைக் கழற்றி, ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கின் இருபுறத்தையும் அது உட்காரும் இரும்பையும் உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை தேய்த்து, திரும்ப இறுக்குங்கள். இரும்பு இற்றுப்போய் ஸ்க்ரூ பிடிக்கவில்லையென்றால் அதே இடத்தில் பெரிய ஸ்க்ரூவைத் திணிக்காமல், சற்றுத் தள்ளி நல்ல இரும்பில் புது ஓட்டை போடுங்கள். இறுக்கியபின் அதன்மேல் கிரீஸோ பெயின்ட்டோ பூசலாம். இறுக்குவதற்கு முன்பு பூசக் கூடாது.

மல்டிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது என்று சொன்னதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. மீட்டர் மின்சாரத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. ஆகவே ஒயருக்குள் ஒரே ஒரு செம்பு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் என்றே காட்டும். நாமும் ஒயர் நன்றாக இருப்பதாக நினைத்துவிடுவோம். 21 வாட் பல்பு இழுப்பது ஏறக்குறைய 1.75 ஆம்பியர். எரியும்போது அந்தப் பல்பின் மின்தடை 7 ஓம் அளவுதான். களிம்பினால் வழியில் வெறும் 2 ஓம் கூடினாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டெஸ்ட் லேம்ப் உண்மையாகவே மின்சாரத்தை இழுப்பதால், மங்கலாக எரிந்து உண்மையைக் காட்டிக்கொடுக்கும். மீட்டரைப் பயன்படுத்துவதென்றால், பல்பு எரியும் நிலையிலேயே, ஹோல்டரின் கழுத்துக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையில் அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

இரண்டு பக்கமும் எரியாத வேனில் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் இதே ஃபியூஸிலிருந்து இண்டிகேட்டர் முதலிய வேறு சிலவும் ஓடும். அவையும் சேர்ந்து செத்திருந்தால் ஃபியூஸ்தான் போயிருக்கிறது. போன ஃபியூஸின் அளவிலேயே புதியதைப் போட வேண்டும்: பிளேடு ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைத்து வண்டி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் அடுத்தமுறை ஷார்ட் ஆனால் எரிவது ஃபியூஸாக இருக்காது, ஒயரிங்காக இருக்கும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் ரிவர்ஸ் சுவிட்சுக்கு வாருங்கள். இது கியர் பாக்ஸின் பக்கவாட்டில் மரையில் இறுக்கப்பட்டிருக்கும் சிறு சுவிட்ச். ரிவர்ஸ் கியர் விழும்போது உள்ளே இருக்கும் ஊசி அழுத்தப்பட்டு இரண்டு ஒயர்களும் இணைகின்றன. ஆம்னியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், கியர் பாக்ஸை வேனின் அடியில் படுத்துத்தான் எட்ட முடியும். அடியில் போகும்முன் கியரை நியூட்ரலில் வைத்து, கட்டைகளை மறுபடி சரிபாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்தைக் கொண்டும் உள்ளே போகாதீர்கள். என்ஜின் நன்றாக ஆறியிருக்கவும் வேண்டும். சுவிட்சிலிருந்து வரும் ஒயர்களை வண்டியின் ஒயர்களோடு சேர்க்கும் கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கத்துக் கப்ளரின் இரண்டு துளைகளையும் சீவிய ஒயரால் இணையுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின்னால் விளக்கு எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது என்று பொருள். எரியவில்லையென்றால் டெஸ்ட் லேம்பின் கிளிப்பை நல்ல எர்த்தில் மாட்டி, ஊசியால் கப்ளரின் ஒவ்வொரு துளையையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றிலாவது லேம்ப் எரிந்தால் மின்சாரம் இதுவரை வருகிறது; கோளாறு இங்கிருந்து பின்விளக்குக்குப் போகும் ஒயரில். இரண்டிலும் எரியாவிட்டால், ஃபியூஸிலிருந்து இங்கே வரும் வழியில்.

சுவிட்சை மாற்றுவது கடினமில்லை. கழற்றும்போது கியர் ஆயில் கொஞ்சம் ஒழுகும் என்பதால் அடியில் ஒரு டப்பாவும் கையில் ஒரு துணியும் இருக்கட்டும். பழைய சுவிட்சைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், அதே மரை, அதே நீளம், அதே கப்ளர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி, ஹோல்டர் போன்றவற்றுக்கு நானும் அங்கேதான் போகிறேன், சுவிட்சை மட்டும் புதிதாகவே வாங்குகிறேன். சுவிட்சுக்கு அடியில் இருக்கும் உலோக வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் இறுக்கினால் ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். கியர் பாக்ஸ் கூடு அலுமினியம் என்பதால் மூச்சைப் பிடித்து இறுக்கினால் மரை போய்விடும்.

ஒயரைத் தேடுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதலில் பார்க்க வேண்டியது, வண்டியோடு வராமல் பின்னால் யாரோ சேர்த்த இணைப்புகள். நம் ஊரில் வேன் வாங்கிய மறுவாரமே பாட்டுப் பாடும் ரிவர்ஸ் ஹாரன் மாட்டிவிடுகிறோம். அதற்கான மின்சாரத்தை ரிவர்ஸ் லைட் ஒயரைப் பாதியில் சீவி, முறுக்கி, டேப் சுற்றித்தான் எடுத்திருப்பார்கள். இரண்டு கோடை கழிந்ததும் டேப்பின் பசை இளகிவிடும். உள்ளே ஈரம் இறங்கி முறுக்கிய செம்பு கறுத்துவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை சீவி, முறுக்கி ஈயம் பற்றவைத்து, சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். ஹாரன் பாடுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் இணைப்புக்குப் பின்னால் கோளாறு என்று ஊகித்துக்கொள்ளலாம். ஹாரன்கூட இந்த வகையில் ஒரு டெஸ்ட் லேம்ப்தான். அதன்பிறகு, ஒயர் தளத்தின் ஓட்டைகளில் நுழையும் இடங்களைப் பாருங்கள். ஓட்டையின் ரப்பர் வளையம் காய்ந்து விழுந்திருந்தால் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்திருக்கும். ஒயரின் நிறத்தை வைத்து எது எதுவென்று முடிவு செய்யாதீர்கள். பழைய வண்டியில் முன்னால் நீலமாகப் புறப்பட்டது பின்னால் மஞ்சளாக வந்து சேர்வது சாதாரணம்.

எல்லாம் சரியானதும் விளக்குக் கண்ணாடியை மூடும்முன் அதன் ரப்பர் கேஸ்கெட்டைப் பாருங்கள். நைந்திருந்தால் மேல்பக்கத்திலும் இருபக்கங்களிலும் சிலிக்கான் தடவலாம், ஆனால் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு வடிகால் துளையை அடைத்துவிடக் கூடாது. உள்ளே போகும் ஈரத்துக்கு வெளியேறும் வழி அது ஒன்றுதான். எல்.இ.டி. பல்பு போடுகிறவர்கள் வெள்ளை ஒளி தருவதை மட்டும் போடுங்கள். நீல நிறம் கலந்தவையும் மினுக்கும் வகைகளும் சோதனையில் வீண்பேச்சுக்கு இடம் கொடுக்கும்.

எஃப்.சி. நாளுக்கு இரண்டு நாள் முன்பே இவ்வேலையை முடித்துவிடுங்கள். முந்தைய இரவு எரிந்தது என்று நம்பி நான் ஒருமுறை போனேன். அதிகாலைப் பனியிலும் வழியில் பட்ட குலுக்கலிலும் இடப்பக்கத்து விளக்கு ஊதுபத்தி நுனிபோல் மங்கிப்போயிருந்தது. ஆகையால் பழுது பார்த்த பிறகு மணலி சாலையிலோ எண்ணூர் விரைவுச் சாலையிலோ, கன்டெய்னர் லாரிகள் குழி தோண்டிவைத்திருக்கும் ஒரு மூன்று கிலோமீட்டர் தூரம் வண்டியைக் குலுக்கி ஓட்டிவிட்டு, திரும்ப வந்து சோதியுங்கள். பின்கதவை இரண்டுமுறை அறைந்து சாத்துங்கள். விளக்குக் கூட்டை உள்ளங்கையால் தட்டுங்கள். பிரேக், இண்டிகேட்டர், பார்க்கிங், ரிவர்ஸ் நான்கையும் ஒரே நேரத்தில் போட்டு, ஒன்று மற்றொன்றை மங்கவைக்கிறதா என்று பாருங்கள். தனியாக இருந்தால் வேனின் பின்பக்கத்தைச் சுவருக்கு ஓர் அடி தள்ளி நிறுத்திக்கொண்டால், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கண்ணாடியில் சுவரின் வெளிச்சத்தைப் பார்த்துவிடலாம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று முதலிய காகிதங்களோடு, துணியில் சுற்றிய 21 வாட் சிங்கிள் பல்பு ஒன்றும், உப்புத்தாள் துண்டு ஒன்றும், ஸ்க்ரூ டிரைவரும் டேஷ்போர்டில் இருக்கட்டும். வரிசையில் உங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள் நிற்கும்போது இறங்கி ஒருமுறை ரிவர்ஸ் போட்டுப் பார்த்துவிடுங்கள். மங்கினால் கண்ணாடியைத் திறந்து ஹோல்டரைத் தேய்த்து மூட அந்த நேரம் போதும்.